சூடேற்றுவது எளிது, அளப்பதுதான் பாடு: ஒளியால் இயங்கும் நானோ துகள்கள் – வாசகர் கேள்வி பதில்

ஒளி பட்டதும் சூடாகும் தங்க நானோ துகள்களைக் கொண்டு புற்றுக்கட்டியைச் சுடும் முயற்சி பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஒரு பகுதி 'இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும்?' என்று கேட்கிறது. மற்றவை ஆய்வுக்கூடத்தில் இதையே செய்துகொண்டிருப்பவர்கள் அனுப்பியவை. இரு தரப்புக்கும் இங்கே சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கேள்வி: உடம்புக்குள் இருக்கும் கட்டிக்கு வெளியிலிருந்து வெளிச்சம் எப்படிப் போய்ச் சேரும்? அதற்கு ஏன் தங்கம்? வெள்ளியோ செம்போ ஆகாதா?
– வாசகி, செந்தூல்

கைப்பேசி டார்ச்சின் மேல் விரல்நுனியை அழுத்திப் பாருங்கள். விரல் சிவப்பாகத் தெரியும். வெள்ளை வெளிச்சத்தில் இருந்த நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிட்டது. சிவப்பு மட்டும் தப்பி வந்தது. சிவப்பையும் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போனால், 650 முதல் 950 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளம் வரை இரத்தமும் தண்ணீரும் குறைவாகவே உறிஞ்சும் ஓர் இடைவெளி இருக்கிறது. 1000-க்கு மேல் இன்னொன்றும் உண்டு. இந்த ஆராய்ச்சியில் 808 நானோமீட்டர் லேசர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

இடைவெளி என்றதும் திறந்த வாசல் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கேயும் திசு ஒளியைச் சிதறடிக்கிறது. சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஒளியின் பெரும்பங்கு குறைந்துவிடும். அதனால் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு வெளியிலிருந்து வெளிச்சம் அடிப்பதில்லை. ஊசி வழியாக ஒளியிழையை உள்ளே செலுத்தி, கட்டிக்குள்ளேயே ஒளியை விடுகிறார்கள்.

தங்கத்துக்கு வருவோம். உருண்டையான தங்க நானோ துகள் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியைத்தான் உறிஞ்சும். அதனால்தான் அதன் கரைசல் சிவப்பாக இருக்கிறது. அதே தங்கத்தை 10 நானோமீட்டர் தடிமனும் 40 நானோமீட்டர் நீளமும் கொண்ட தண்டாக வளர்த்தால் உறிஞ்சும் இடம் 800 பக்கம் நகர்ந்துவிடும். சிலிக்கா உருண்டையின் மேல் மெல்லிய தங்க ஓடு பூசினாலும் அதே பலன் கிடைக்கும். வெள்ளியும் இப்படி ஒளியை உறிஞ்சும்தான். ஆனால் அது உடம்புத் திரவத்தில் அரித்து அயனிகளை வெளியிடும், அவை செல்லுக்கு நஞ்சு. செம்பு அதைவிட வேகமாக ஆக்சைடு ஆகிவிடும். தங்கம் எதனோடும் எளிதில் வினைபுரியாது. அதே சமயம் கந்தகத்தோடு உறுதியாகப் பிணையும் என்பதால், கந்தக முனை கொண்ட எந்த மூலக்கூறையும் அதன் மேல் ஒட்டிவிடலாம்.

கேள்வி: ஒவ்வொரு துகளும் ஒரு புற்று செல்லுக்குள் புகுந்து, உள்ளிருந்து அதை எரித்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
– ஆறாம் படிவ மாணவர், பட்டர்வொர்த்

இல்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக் கால்குலேட்டர் போதும்.

நல்ல தங்கத் தண்டு ஒன்று ஒளியைப் பிடிக்கும் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர நானோமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் லேசர் அதன்மேல் விழுந்தால் அது உறிஞ்சும் திறன் ஒரு வாட்டின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. சுற்றியுள்ள தண்ணீரின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்–கெல்வினுக்கு 0.6 வாட். துகளின் ஆரம் 10 நானோமீட்டர் என்று கொள்ளுங்கள். உறிஞ்சிய திறனை 4 × பை × 0.6 × ஆரம் என்ற பெருக்கத்தால் வகுத்தால், துகளின் மேற்பரப்பு சுற்றியுள்ள நீரைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கும் என்பது தெரியும். விடை 0.0001 டிகிரியை ஒட்டி வரும். இதில் எந்தச் செல்லும் வேகாது.

அப்படியானால் கட்டி எப்படிச் சூடாகிறது? கூட்டத்தால். ஒரு மில்லிலிட்டரில் பல பத்தாயிரம் கோடித் துகள்கள் இருக்கும்போது, அவை ஒவ்வொன்றும் விடும் சொற்ப வெப்பம் ஒன்றோடொன்று கலந்து முழு இடத்தையும் 10, 20 டிகிரி உயர்த்திவிடும். ஆனால் அப்போது துகளுக்கு அருகில் இருக்கும் செல்லும் அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் செல்லும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருக்கும். திசுவில் வெப்பம் 1 மில்லிமீட்டர் பரவ 7 வினாடி அளவும், 5 மில்லிமீட்டர் பரவ 3 நிமிடமும் பிடிக்கும். சிகிச்சையோ பல நிமிடம் நடக்கிறது. எனவே 'புற்று செல்லை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுடும்' என்ற விளம்பர வாக்கியத்தை நம்ப வேண்டாம். தேர்ந்தெடுக்கப்படுவது ஓர் இடம்; தனிச் செல் இல்லை.

நானோவினாடிக்கும் குறைந்த துடிப்பு லேசரைப் பயன்படுத்தினால் கதை வேறு. 100 நானோமீட்டர் தூரம் வெப்பம் பரவ 70 நானோவினாடி அளவு ஆகும் என்பதால், அதற்குள் துகளைச் சுற்றி மட்டும் கடும் சூட்டை எழுப்ப முடியும். ஆனால் அந்தச் சூட்டில் தங்கத் தண்டே உருகி உருண்டையாகிவிடும். பிறகு அது 800-ல் ஒளியை உறிஞ்சாது.

கேள்வி: சித்த வைத்தியத்தில் தங்க பஸ்பம் இருக்கிறதே, அதுவும் நானோ தங்கம்தான் என்கிறார்களே. அதைச் சாப்பிட்டுவிட்டு லேசர் வைத்துக்கொண்டால்?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

வேண்டாம். பஸ்பத்தில் நுண்ணிய துகள் இருந்தாலும் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருக்கும். தண்டு வடிவம் கிடையாது, 808-ல் உறிஞ்சும்படி யாரும் அவற்றை அளந்து வளர்க்கவில்லை. வாய்வழி போனது கட்டிக்குப் போய்ச் சேரும் என்பதற்கும் வழியில்லை. பஸ்பத்தின் மருத்துவக் குணம் தனி விவாதம். இந்தச் சிகிச்சைக்கும் அதற்கும் தங்கம் என்ற பெயரைத் தவிர உறவில்லை.

கேள்வி: தங்கத் தண்டு தயாரிக்கிறேன். ஒரு வாரம் அருமையாக வருகிறது, மறு வாரம் வெறும் இளஞ்சிவப்புக் கரைசல். செய்முறையை மாற்றவே இல்லை. எங்கே தவறு?
– முதுகலை மாணவி, பினாங்கு

உங்கள் கடிதத்தில் செய்முறை இல்லாததால் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகளை வைத்துப் பேசுகிறோம். விதைக் கரைசல் (தண்டு வளரத் தொடங்கும் மிகச் சிறு தங்கத் துகள்கள்): 0.1 மோலார் சி.டி.ஏ.பி (துகளைப் போர்த்தும் சோப்பு வகை வேதிப்பொருள்) 9.75 மில்லி, 10 மில்லிமோலார் குளோரோ ஆரிக் அமிலம் 0.25 மில்லி, அப்போதே பனிக்கட்டி நீரில் கரைத்த 10 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு 0.6 மில்லி. வேகமாகக் கலக்கும்போதே ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். நிறம் பழுப்பு மஞ்சளாகும். வளர்ப்புக் கரைசல்: சி.டி.ஏ.பி 40 மில்லி, தங்க அமிலம் 2 மில்லி, 10 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 0.4 மில்லி, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.8 மில்லி, 0.1 மோலார் அஸ்கார்பிக் அமிலம் 0.32 மில்லி, கடைசியாக விதை 96 மைக்ரோலிட்டர். பிறகு 28–30 டிகிரியில் இரவு முழுதும் அசைக்காமல் விட வேண்டும்.

நாங்கள் முதலில் சந்தேகப்படுவது ஏர்கோனை. சி.டி.ஏ.பி 25 டிகிரிக்குக் கீழே போனால் ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும். நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் இரவில் 20 டிகிரிக்கு வைத்துவிட்டுப் போவது வழக்கம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உங்கள் குடுவை குளிரில்தான் நிற்கிறது. சி.டி.ஏ.பி படிகமானால் தண்டின் பக்கங்களைப் போர்த்தும் அடுக்கு கெட்டு, தங்கம் எல்லாத் திசையிலும் வளர்ந்து உருண்டையாகிவிடும். குடுவையைத் தண்ணீர்த் தொட்டியில் 28 டிகிரியில் வையுங்கள். பைபெட்டின் நுனிகூடக் குளிராக இருக்கக் கூடாது.

இரண்டாவது, சி.டி.ஏ.பி டப்பா. அதில் அயோடைடு மிகச் சொற்பமாகக் கலந்திருந்தாலே தண்டு வராது. ஒரே நிறுவனத்தின் ஒரே பொருள். தொகுதி எண் மாறினால் பலன் மாறும். நன்றாக வந்த வாரத்தின் தொகுதி எண்ணையும் வராத வாரத்தின் எண்ணையும் நோட்டில் ஒப்பிடுங்கள். எண் எழுதி வைக்கவில்லையென்றால் இன்றிலிருந்து எழுதுங்கள்.

மூன்றாவதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். அஸ்கார்பிக் அமிலம் சேர்த்ததும் ஆரஞ்சு மஞ்சள் நிறம் சில வினாடியில் முற்றிலும் மறைந்து கரைசல் தண்ணீர் போல் ஆக வேண்டும். மங்கலாக மஞ்சள் நின்றால் அமிலம் பழசு. அன்றன்று கரைப்பதுதான் சரி. விதை சேர்க்கும் முன்பே கரைசல் சிவந்தால் குடுவை சுத்தமில்லை, பழைய தங்கம் ஒட்டியிருக்கிறது. இராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவுங்கள்.

கழுவும்போதும் ஓர் எல்லை உண்டு. மையவிலக்கில் இரண்டு முறைக்கு மேல் சுற்றினால் சி.டி.ஏ.பி மிகக் குறைந்து துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அடியில் கருநீலப் படிவு நிற்கும், குலுக்கினாலும் கரையாது. ஆனால் சி.டி.ஏ.பி-யோடு செல்லில் போடவும் முடியாது, அது செல் சவ்வையே கரைக்கும் நஞ்சு. முதல் சுற்றுக்குப் பிறகு கந்தக முனை கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்காலை (5000 மூலக்கூறு எடை) சேர்த்து ஓர் இரவு விட்டு, அதன்பின் இரண்டாம் சுற்றுக்குப் போங்கள். செல்லில் போட்டுப் பார்த்து 'தங்கம் நஞ்சு' என்று முடிவுக்கு வந்த பல மாணவர்கள் உண்மையில் அளந்தது மீதமிருந்த சி.டி.ஏ.பி-யைத்தான்.

எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று அறிய 400 நானோமீட்டரில் உறிஞ்சலைப் பாருங்கள். 1 சென்டிமீட்டர் குவெட்டில் (கரைசலை வைத்து ஒளியால் அளக்கும் சிறு கண்ணாடிப் பெட்டி) 1.2 என்று வந்தால் தங்கத்தின் செறிவு 0.5 மில்லிமோலார்.

கேள்வி: ஒளியை வெப்பமாக்கும் திறன் என் கணக்கில் 42 விழுக்காடு. அதே தரவை வைத்து என் சக ஆய்வாளர் 56 என்கிறார். யார் சரி?
– ஆய்வு உதவியாளர், செராஸ்

இருவரும் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. நீங்கள் அனுப்பிய எண்களையே எடுத்துக்கொள்வோம். 1 மில்லி கரைசல், 808 லேசர் 0.8 வாட், உறிஞ்சல் 1.0. அதாவது விழுந்த ஒளியில் 90 விழுக்காடு, 0.72 வாட், உள்ளே நின்றது. கரைசல் 20 டிகிரி ஏறியது, வெறும் தண்ணீர் அதே குவெட்டில் 2 டிகிரி ஏறியது, மீதி 18. லேசரை அணைத்தபின் ஆறும் வளைவிலிருந்து எடுத்த கால மாறிலி (ஆறும் வேகத்தைக் காட்டும் அளவு) 250 வினாடி.

நீங்கள் தண்ணீரின் வெப்பக் கொள்ளளவை மட்டும் எடுத்தீர்கள்: 4.2 ஜூல் என்பதை 250-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 0.0168 வாட், அதை 18-ஆல் பெருக்கினால் 0.302 வாட், 0.72-ஆல் வகுத்தால் 42 விழுக்காடு. உங்கள் நண்பர் நனைந்த பகுதிக் குவார்ட்ஸ் கண்ணாடியையும் (2 கிராம், கிராமுக்கு 0.7 ஜூல்) சேர்த்தார்: மொத்தம் 5.6 ஜூல், விடை 56.

நண்பர் பக்கம்தான் நியாயம். 250 வினாடி என்பது கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து ஆறிய நேரம். கண்ணாடியை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் கணக்கிட்டால் விடை குறைந்து வரும். அதற்காக முழுக் குவெட்டின் எடையையும் சேர்த்துவிடக் கூடாது, மேல்பகுதி சூடாவதே இல்லை. கட்டுரைகளில் இந்த எண் 20-லிருந்து 90 வரை பரவிக் கிடப்பதற்குத் துகள் மட்டும் காரணமில்லை. எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று எழுதாத எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிடவே கூடாது என்பது எங்கள் கருத்து.

வேறு சிலவற்றையும் சரிபாருங்கள். தெர்மோகப்பிளின் (உலோகக் கம்பி வெப்பமானி) முனை ஒளிக்கற்றையில் நின்றால் உலோகமே நேராகச் சூடாகிப் பொய் சொல்லும். லேசரை அணைத்த அந்த வினாடியில் வெப்பநிலை சட்டென்று இரண்டு மூன்று டிகிரி விழுந்தால் அதுதான் காரணம். முனையைக் கற்றைக்கு மேலே தூக்கி வைத்துக் கரைசலைக் கலக்குங்கள். குவெட்டின் வாயை மூடுங்கள்; ஆவியாதல் வெப்பத்தைத் திருடும். லேசரை 10, 15 நிமிடம் ஓடவிட்டு, குவெட் நிற்கும் இடத்திலேயே திறனை அளந்துகொள்ளுங்கள். ஏர்கோன் காற்று நேராகப் படும் மேசையில் ஆறும் வளைவின் வால் பகுதி நெளியும். நுரைப்பெட்டி ஒன்றால் சுற்றி மறைத்தால் போதும்.

கேள்வி: சூடாக்குவது புரிகிறது. ஒரு துகள் எப்படி வெப்பநிலையைச் சொல்லும்? அதை எவ்வளவு நம்பலாம்?
– பொறியாளர், பெட்டாலிங் ஜெயா

அதிகம் பயன்படுவது சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு துகள். அதில் இட்டர்பியம் 20 விழுக்காடு, எர்பியம் 2 விழுக்காடு கலந்திருப்பார்கள். 980 நானோமீட்டர் அகச்சிவப்பை இட்டர்பியம் வாங்கி எர்பியத்துக்குக் கொடுக்கும். எர்பியம் பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சையில் இரண்டு பட்டைகள்: ஒன்று 525 பக்கம், மற்றது 545 பக்கம். இவற்றை விடும் இரண்டு ஆற்றல் நிலைகள் மிக நெருக்கமானவை. சூடு ஏற ஏற மேல் நிலையில் எலெக்ட்ரான்கள் கூடும், 525 பட்டை வளரும். இரண்டின் விகிதத்தை எடுத்தால் வெப்பநிலை வந்துவிடும். துகள் எத்தனை இருக்கிறது, லேசர் எவ்வளவு பலமானது என்பதெல்லாம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். 2010-ல் மனித புற்று செல்களுக்குள் 25 முதல் 45 டிகிரி வரை இப்படி அளந்து காட்டினார்கள்.

உடல் வெப்பநிலையில் இந்த விகிதம் டிகிரிக்கு ஏறத்தாழ 1.1 விழுக்காடு மாறும். உங்கள் நிறமாலைமானியின் விகித அளவீட்டில் அரை விழுக்காடு இரைச்சல் இருந்தால், வெப்பநிலையில் கிட்டத்தட்ட அரை டிகிரி ஐயம் என்று பொருள். அளவிட 25-லிருந்து 60 வரை 5 டிகிரி படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் 5 நிமிடம் நிலைக்கவிட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் எடுங்கள். விகிதத்தின் இயல் மடக்கையை, கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். லேசர் திறனைப் பாதியாக்கியும் ஒருமுறை பாருங்கள். விகிதம் மாறினால், ஒன்று லேசரே மாதிரியைச் சூடாக்குகிறது, இல்லையேல் அதிகத் திறனில் எர்பியத்தின் வேறொரு நிலையிலிருந்து 555-ஐ ஒட்டி வரும் ஒளி கலந்துவிட்டது. 980 ஒளியைத் தண்ணீர் 808-ஐவிட இருபது மடங்குக்கு மேல் உறிஞ்சும் என்பதால் முதல் காரணம் மிகச் சாதாரணம்.

இவ்வளவும் கண்ணாடிக் குவெட்டில் சரி. திசுவுக்குள் போனதும் பெரிய சிக்கல் ஒன்று வருகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 542 நானோமீட்டரில் பலமாக உறிஞ்சும். 525-ல் அவ்வளவு இல்லை. அதாவது இரத்தம் உங்கள் 545 பட்டையை மட்டும் கூடுதலாகத் தின்னும். அந்தப் பட்டை 5 விழுக்காடு கூடுதலாகக் குறைந்தால் விகிதம் 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறும். துகள் 37 டிகிரியில் இருக்கும், கருவியோ 42-ஐ நெருங்கிக் காட்டும். சிகிச்சை தொடங்கிச் சூட்டில் இரத்த ஓட்டம் மாறினால் இந்தப் பிழையும் கூடவே மாறும். பச்சை ஒளி திசுவைத் தாண்டி வருவதே கடினம் என்பது வேறு.

ஆகவே ஆழத்தில் அளக்க விரும்புவோர் 808-ல் தூண்டி 900-க்கும் 1060-க்கும் பக்கத்தில் ஒளிரும் நியோடிமியம் துகள்களுக்குப் போகிறார்கள். ஒளி வெளியே வரும். ஆனால் டிகிரிக்கு அரை விழுக்காடுகூட மாறாது, பெரும்பாலும் அதிலும் பாதிக்குக் கீழே. வெள்ளி சல்ஃபைடு குவாண்டம் புள்ளிகள் (மிகச் சிறு நானோ படிகங்கள்) 1200 பக்கம் ஒளிர்ந்து வெப்பத்துக்கு மிக வேகமாக மாறும், ஆனால் அவற்றின் நிறமாலையையும் திசு திரித்துவிடும். எங்களுக்கு நம்பிக்கை தருவது ஒளி அணையும் நேரத்தை அளக்கும் முறை: வெளிச்சம் எவ்வளவு குறைந்து வந்தாலும் அது தேயும் வேகம் அவ்வளவாக மாறாது. வைரத் துகள் முறையும் உண்டு. நைட்ரஜன் அணுவும் அதையொட்டிய வெற்றிடமும் கொண்ட நானோ வைரத்தின் 2.87 கிகாஹெர்ட்ஸ் அதிர்வு டிகிரிக்கு 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். 2013-ல் ஹார்வர்டில் தங்கத் துகளையும் நானோ வைரத்தையும் ஒரே செல்லில் வைத்து, ஒன்றால் சூடாக்கி மற்றதால் அளந்தார்கள். அதற்கு நுண்ணலை ஆண்டெனா தேவை என்பதால் அது இன்னும் நுண்ணோக்கி மேசையின் கருவிதான்.

மருத்துவமனையில் லேசரால் கட்டியைச் சுடும்போது இன்று வெப்பநிலையைப் பார்க்க உதவுவது எம்.ஆர்.ஐ, தண்ணீரின் புரோட்டான் அதிர்வெண் டிகிரிக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு நகர்வதை வைத்துக் கணக்கிடுகிறது.

கேள்வி: 43 டிகிரி, 50 டிகிரி என்று இரண்டு எண்களைப் படிக்கிறேன். எது போதும்?
– தாதி, கிள்ளான்

நேரம் சொல்லாமல் டிகிரி மட்டும் சொன்னால் அர்த்தமில்லை. 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவையான நேரம் பாதியாகும்: 43-ல் 60 நிமிடம், 44-ல் 30, 46-ல் ஏழரை. 43-க்குக் கீழே ஒரு டிகிரி இறங்கினால் நேரம் நான்கு மடங்கு, 42-ல் 240 நிமிடம். 1984 முதல் இந்தக் கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன 5 டிகிரிப் பிழையை இதோடு வைத்துப் பாருங்கள்: கருவி 46 என்று காட்டி உண்மையில் 41 இருந்தால், ஏழரை நிமிடத்தில் சிகிச்சையே நடக்கவில்லை.

கேள்வி: கடையில் விற்கும் அகர் அகரில் திசு மாதிரி செய்யலாமா? கோழி நெஞ்சுக்கறி எப்படி?
– ஆய்வு மாணவர், ஜெலுத்தோங்

பழகுவதற்கு அகர் அகர் பொடி போதும், சாயமும் சர்க்கரையும் கலக்காதது. கட்டுரைக்கு அகரோஸ் வாங்குங்கள். 95 மில்லி தண்ணீரில் 1 கிராம் போட்டுத் தெளியும்வரை கொதிக்கவிட்டு, 50–55 டிகிரிக்கு ஆறியதும் 20 விழுக்காடு இன்ட்ராலிப்பிட் (கொழுப்புத் துளிகள் கலந்த பால் போன்ற திரவம்) 5 மில்லி சேர்த்து மெல்லக் கலக்குங்கள். கொதிக்கும்போதே ஊற்றினால் கொழுப்புத் துளிகள் பிரிந்து மேலே மிதக்கும், சிதறல் சமமாக இராது. 40-க்குக் கீழே விட்டால் பாதி உறைந்து கட்டி கட்டியாகும். தங்கத் துகள் கலந்த அடுக்கை முதலில் ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் துகள் இல்லாத அடுக்கை 3, 5, 8 மில்லிமீட்டர் என்று வேண்டிய ஆழத்துக்கு ஊற்றலாம்.

கோழிக்கறியை பாசாரில் வாங்கியதும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சுடாதீர்கள். மூடிய பையில் வைத்து 37 டிகிரித் தண்ணீரில் உள்வரை சூடாகட்டும். செத்த கறியில் இரத்த ஓட்டம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். உயிருள்ள திசுவில் இரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். கோழியில் 20 டிகிரி ஏறியது எலியில் 12 ஏறினாலும் வியப்பில்லை.

வெப்பக் கேமரா மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். கண்ணாடித் தட்டின் ஊடாகப் பார்த்தால் தட்டின் சூட்டைத்தான் காட்டும். ஈரப் பரப்பு ஆவியாகிக் குளிர்வதால், உள்ளே வெந்துகொண்டிருக்கும்போதும் மேலே சாதாரணமாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் அகச்சிவப்பு எல்.இ.டி தயாராகிறது. லேசருக்குப் பதில் அதைப் பயன்படுத்தினால் என்ன?
– டெக்னீஷியன், பாயான் லெப்பாஸ்

தங்கத் தண்டுக்குச் செய்யும். அது உறிஞ்சும் பட்டை 100 நானோமீட்டர் அகலம், 850 எல்.இ.டி-யின் 30, 40 நானோமீட்டர் பரவல் அதற்குள் அடங்கிவிடும். சிக்கல், எல்.இ.டி ஒளி விரிந்து போகும். மெல்லிய இழைக்குள் செலுத்த முடியாது. தோல் மேற்பரப்பில் பரந்த இடத்துக்கு ஆகும், ஆழத்துக்கு ஆகாது. எர்பியம் துகளுக்கு அறவே ஆகாது: அது இரண்டு ஃபோட்டானைச் சேர்த்து ஒளிர்வதால் அடர்த்தி பாதியானால் ஒளிர்வு கால்பங்காகும்.

கேள்வி: நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு இது ஆபத்தா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

கவனம் வேண்டிய இடம் இது. மெலனின் 808-லும் ஒளியை உறிஞ்சும். துகள் இல்லாமலே மேல்தோல் சூடாகும். முடி நீக்கும் நிலையங்களில் கறுத்த தோலுக்கு 1064 லேசரைப் பரிந்துரைப்பதும் இதனால்தான். தோலுக்கான பாதுகாப்பு வரம்பு 808-ல் சதுர சென்டிமீட்டருக்கு 0.33 வாட், 980-ல் 0.73 வாட் அளவு. ஆய்வுக் கட்டுரைகளில் 1, 2 வாட் என்று தாராளமாகப் போடுகிறார்கள், அதுவும் முடி மழித்த வெள்ளை எலியில். அந்த எண்களை அப்படியே நம் தோலுக்குக் கொண்டுவர முடியாது. இழையை உள்ளே செலுத்தும் முறையில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது.

கேள்வி: என் அண்ணனுக்கு புராஸ்டேட் புற்று. கோலாலம்பூரில் இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும்?
– வாசகர், கெப்போங்

இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. 2019-ல் அமெரிக்காவில் வெளிவந்த முடிவில் 16 ஆண்களுக்குத் தங்க ஓட்டுத் துகளை இரத்தக் குழாயில் ஏற்றி, மறுநாள் புராஸ்டேட்டுக்குள் இழை செலுத்தி 810 லேசரால் சுட்டார்கள். 15 பேருக்குத் திட்டமிட்டபடி செய்ய முடிந்தது. அது சுரப்பிக்குள் அடங்கிய, தீவிரம் குறைந்த அல்லது நடுத்தரமான புற்றுக்கு. பரவிய புற்றுக்கு அல்ல. இரத்தக் குழாயில் ஏற்றும் துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று 2016-ல் டொரோண்டோ ஆய்வாளர்கள் பல விலங்கு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது நடு மதிப்பு 0.7 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்குகிறது.

யாராவது 'நானோ தங்கச் சிகிச்சை' என்று இங்கே பணம் கேட்டால், ஊசிமருந்தின் மால் (MAL) பதிவு எண்ணையும் லேசர் கருவியின் பதிவையும் காட்டச் சொல்லுங்கள். மருந்துப் பதிவை, மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ-வின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். அண்ணனின் யூரோலஜிஸ்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி, கட்டியை மட்டும் குறிவைக்கும் சிகிச்சைக்கு அவர் பொருந்துவாரா என்பது. துகள் இல்லாத முறைகளும் அதில் இருக்கின்றன.

கேள்வி: பச்சை லேசருக்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி 808-க்கும் போதுமா?
– ஆய்வக உதவியாளர், ஜார்ஜ்டவுன்

போதாது. 532-ஐத் தடுக்கும் கண்ணாடி 808-ஐ அப்படியே உள்ளே விடலாம். அரை வாட்டுக்கு மேற்பட்ட லேசர் நான்காம் வகுப்பு. சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கும். 808 மங்கிய சிவப்பாக மட்டுமே தெரிவதால் இமை மூடாது, ஒளி விழித்திரையில் குவிந்துகொண்டே இருக்கும். கண்ணாடியின் சட்டத்திலோ ஓரத்திலோ அலைநீள எல்லையும் ஒளி அடர்த்தி எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எல்லைக்குள் 808 இருக்க வேண்டும், எண் 5 அல்லது அதற்கு மேல். அச்சே இல்லாத கண்ணாடியை எடுத்து ஓரமாக வையுங்கள்.